மேலே வைத்த நல்ல மீன்

அண்ணி,

காலையில் போனின் பழைய உறையைக் கழற்றினேன். ஓரமெல்லாம் கிழிந்து, மஞ்சளடித்து, இனித் துடைத்துப் பயனில்லை என்று ஆகிவிட்டது. கழற்றினால் உள்ளே, போனின் முதுகில், ஒரு மடவை மீன் செதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காய்ந்து கண்ணாடிபோல இருந்தது. நகத்தால் நெம்பி எடுத்து முகர்ந்து பார்த்தேன். வாசனை இன்னும் இருக்கிறது. நீங்கள் போய் மழைக்காலமே முடியப் போகிறது, இந்தச் செதில் மட்டும் இடத்தைக் காலி செய்யாமல் உட்கார்ந்திருக்கிறது.

உங்கள் கையிலிருந்து வந்ததுதான். மீன் ஆய்ந்த கையோடு போனை எடுக்கிற ஆள் இந்த வீட்டில் வேறு யார்? "கைய கழுவிட்டுத் தொடுங்க அண்ணி" என்று தொண்டை வலிக்கக் கத்தியிருக்கிறேன். "போனு நாறுனா மேடத்துக்கா தெரியப் போவுது? அவங்க பட்டணத்துல கீறாங்க" என்பீர்கள்.

இன்னும் கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒரு போன் வரும். அதற்காகத்தான் உறையை மாற்றினேன், ஏதோ பெண் பார்க்க வருகிற மாதிரி. எளாவூர்ப் பக்கம் ஏரிக்கரைக் குப்பமொன்றில் ஒரு பெண்ணுக்கு, நம் கங்காவைப் போலவே கை கால் விறைத்த ஒரு பிள்ளை. கங்காவைப் பார்க்கும் மேடம்தான் அவனையும் வாராவாரம் வீடியோவில் பார்க்கிறார்கள். பிள்ளை எடை இறங்கிக்கொண்டே போகிறதாம், கேட்டால் நல்லா இருக்கான் என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லையாம். "நீங்க பேசிப் பாருங்க. உங்ககிட்ட சொன்னாலும் சொல்லுவாங்க" என்றார்கள். நான் என்ன டாக்டரா? முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சரி என்று வந்துவிட்டது. இந்த நேரத்தில் போனைப் பிடிக்க நீங்கள் இருந்திருக்க வேண்டும். இல்லாமல் போனதற்கு உங்கள் மேல் எனக்குக் கோபமாக வருகிறது. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. ஆனாலும் ஒருமுறை சொல்லிப் பார்க்கிறேன்.

கங்கா பிறந்தபோது அழவில்லை. ஆறேழு மாதமாகியும் கழுத்து நிற்கவில்லை. தூக்கினால் கட்டைபோல விறைப்பாள். பால் உள்ளே போனால் இருமல், நெஞ்சில் கர்கர் என்று ஒரு சத்தம். பிறக்கும்போது மூளைக்குக் காற்றுப் போகாமல் அடிபட்டிருக்கிறது, கை கால் மட்டுமில்லை, விழுங்குவதும் இவளுக்குச் சிரமம் என்று பட்டணத்து ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். சாப்பாடு வயிற்றுக்குப் போகாமல் நெஞ்சுக்குப் போனால் சளி கட்டும், அது திரும்பத் திரும்ப நடந்தால் உயிருக்கே ஆபத்து, அப்புறம் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்கத்தான் வேண்டியிருக்கும் என்றார் டாக்டர். அவர் சொன்னதில் உங்கள் காதில் விழுந்தது கடைசி வாக்கியம் மட்டும். திரும்பி வரும்போது படகில் எல்லார் முன்னாலும் ஆரம்பித்தீர்கள்.

"மீனத்தாண்டி வயித்தக் கீறுவாங்க. எங்கூட்டுப் பொண்ணயா கீறுவானுங்க? வரட்டும், பாத்துக்கறேன்."

எனக்கும் அந்தப் பயம்தான். நான் வாயால் சொல்லவில்லை, அவ்வளவுதான். அந்த நாளிலிருந்து இந்த வீட்டில் எல்லாரும் ஒரே ஒரு விஷயத்துக்காகத்தான் மூச்சுவிட்டோம்: கங்கா வாயால் சாப்பிட வேண்டும், அது நெஞ்சுக்குள் போகாமல் இருக்க வேண்டும்.

ஏரி நடுவே தீவாகக் கிடக்கும் நம் பசியாவரத்திலிருந்து வாராவாரம் ஆஸ்பத்திரிக்குப் போவதென்றால் படகு, ஷேர் ஆட்டோ, பஸ், ரயில். விறைத்த பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு போய்த் திரும்பினால் அடுத்த இரண்டு நாளும் படுக்கைதான். அதனால்தான் வியாழக்கிழமை தோறும் ஆஸ்பத்திரியிலிருந்து தெரபி மேடம் ஒருவர் வீடியோவில் வருவார்கள், எப்படிப் பிடிப்பது, எப்படி ஊட்டுவது, எப்படி விளையாட்டுக் காட்டுவது என்று சொல்லித் தருவார்கள் என்று ஏற்பாடானது. வீட்டிலோ சிக்னல் போதாது, பேச்சு மட்டும்தான் போகும், அதுவும் வாசலில் தண்ணீர்ப் பேரல் மேல் ஏறி நின்றால். படம் வர வேண்டுமென்றால் கங்கையம்மன் கோயிலுக்குப் பின்னால், வலை உலர்த்தும் மணல் மேட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே ஊரே இருக்கும். வலை கட்டுகிறவர்கள், நண்டு பிரிக்கிறவர்கள், சும்மா நிற்கிறவர்கள். நடுவில் நான் பாயை விரித்துப் பிள்ளையைக் கிடத்துவேன். "இன்னா அதுக்கு, கழுத்து நிக்கலியா?" என்று ஒருத்தி கேட்பாள். "செத்த நேரம் கம்முனு இரேன்" என்று நீங்கள் அவளை விரட்டுவீர்கள்.

எனக்கு இரண்டு கையும் பிள்ளைக்கே சரியாக இருந்ததால் போன் உங்கள் கைக்குப் போயிற்று. நீங்கள் போன் பிடித்த அழகு எனக்குத்தான் தெரியும். ஏலத்தில் மீனைத் தூக்கிக் காட்டுவது போல ஒரு தூக்கு. முதல் இரண்டு வாரமும் மேடம் பார்த்தது வானத்தையும் உங்கள் கட்டைவிரலையும்தான். "பாட்டிம்மா, கொஞ்சம் கீழ காட்டுங்க" என்றதும் உங்களுக்கு வந்ததே கோபம். "பாட்டியா? நா புள்ளைக்கு அத்த!"

உங்கள் புருஷன் போன பிறகு தம்பி வீட்டோடு வந்தவர் நீங்கள், என் புருஷனுக்கு அக்கா. உங்களுக்கென்று பிள்ளை இல்லை. பொன்னேரி மார்க்கெட்டில் நீங்கள் மீன் விற்கும் அன்னக்கூடை இருந்த இடத்தில் இன்னொருத்தி உட்கார அத்தனை வருஷத்தில் தைரியம் வந்ததில்லை. கூடை அடுக்குவதை நான் கல்யாணமாகி வந்த புதிதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அடியில் ஐஸ், அதன்மேல் நேற்றையது, எல்லாவற்றுக்கும் மேலே விடியலில் வந்த மடவை, கண் பளபளவென்று. "இது ஏமாத்து வேலை இல்லையா அண்ணி?" என்று கேட்டேன்.

"இன்னாடி கோட்டக்குப்பம், பேசற? இது மருவாதடி. வூட்டுக்கு ஒருத்தர் வந்தா கிழிஞ்ச பாயயா விரிப்ப?"

நான் எந்த ஊரிலிருந்து வந்தேனோ அதுதான் கடைசிவரை என் பெயர் உங்களுக்கு. அன்றைக்கு அந்தப் பதிலைக் கேட்டுச் சிரித்தேன். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் வரும் என்று நினைக்கவில்லை.

அந்த வியாழக்கிழமை கங்காவின் வலிப்பு மருந்து தீர்ந்துவிட்டது. காலையிலேயே அக்கரைப் பழவேற்காட்டுக்குப் போனேன், மேடம் வருவதற்குள் திரும்பிவிடலாம் என்று. மருந்து வாங்கித் துறைக்கு வந்தால் காற்று பிடித்துக்கொண்டது. படகை எடுக்க மாட்டோம் என்றுவிட்டார்கள். அன்றைக்கு முழுக்க எதிர்க்கரையில் நின்று நம் ஊரைப் பார்த்துக்கொண்டிருந்தேன், கூப்பிட்டால் கேட்கும் தூரம் போல இருந்தது.

இங்கே நடந்ததைப் பின்னால் பக்கத்து வீட்டுத் தேவி அழுதுகொண்டே சொன்னாள். கங்கா காலையிலிருந்து ஒரே அழுகையாம். வில் மாதிரி வளைந்து, எச்சில் ஒழுக, முகமெல்லாம் சிவந்து. மணல் மேட்டில் அன்று வழக்கத்தைவிடக் கூட்டம், காற்றுக்குப் பயந்து யாரும் தொழிலுக்குப் போகவில்லை. போன் அடித்தது. நீங்கள் கங்காவைப் பார்த்தீர்களாம், கூட்டத்தைப் பார்த்தீர்களாம். பிறகு தேவி இடுப்பிலிருந்த அவள் பையனைப் பிடுங்கி, கங்காவை அவள் கையில் கொடுத்தீர்கள். அவனுக்கு எட்டு மாதம், நம்மவளை விடச் சின்னவன், ஆனால் உடம்பு அதே அளவு. கங்காவின் குல்லாவை அவன் தலையில் மாட்டி, கன்னத்தில் மையை அப்பி, "இதோ பாருங்க மேடம், உங்க பொண்ணு" என்று காட்டினீர்கள்.

படம் கட்டம் கட்டமாக உடைந்துதான் வரும். மேடமும் அதுவரை கங்காவை இரண்டு மூன்று தடவைதான் பார்த்திருந்தார்கள். ஒரு கரண்டி கஞ்சி ஊட்டச் சொன்னார்களாம். அந்தப் பையன் லபக்கென்று விழுங்கிவிட்டு இன்னும் கேட்டானாம்.

மறுநாள் காலை முதல் படகில் வந்தேன். துறையில் நீங்கள் நின்றிருந்தீர்கள். நான் இறங்கும் முன்பே கத்தினீர்கள்.

"ஏ கோட்டக்குப்பம்! மேடம் சோறு குடுக்க சொல்ட்டாங்கடி! நல்லா முழுங்கறாளாம்!"

முழங்கால் தண்ணீரில் நின்றபடியே நான் அழுதேன். அவ்வளவு சந்தோஷம் எனக்கு என் கல்யாணத்தில்கூட வரவில்லை. எனக்குப் பொறுக்க முடியாதது அதுதான் அண்ணி. நடந்த ஆபத்தைக்கூட மறந்துவிடுவேன் போலிருக்கிறது, அந்தத் தண்ணீரில் நின்று நான் பட்ட சந்தோஷத்தை மறக்க முடியவில்லை. நீங்களும் சந்தோஷமாகத்தான் இருந்தீர்கள். பொய் சொல்கிறவள் முகம் அது இல்லை. கூடை மேல் வைத்த மீனையே கூடை முழுக்க இருப்பதாக நீங்களும் நம்பிவிட்டீர்கள்.

மத்தியானம் சோற்றை ரசம் விட்டு மசித்தேன். கங்காவை மடியில் சாய்த்து ஊட்டினேன். முதல் வாய் உள்ளே போனது. இரண்டாவது பாதி வெளியே வந்தது. மூன்றாவது வாயில் அவள் சத்தம் நின்றுவிட்டது.

இருமினால் எனக்குப் பழக்கம். இருமலே இல்லை. வாய் திறந்திருக்கிறது, கண் பெரிதாகிறது, ஒரு சத்தமும் வரவில்லை. தோளில் போட்டு முதுகைத் தடவினேன். உதடு கறுக்க ஆரம்பித்தது. நான் "அண்ணி" என்று கத்தியது எனக்கே வேறு யாரோ கத்துவதுபோல இருந்தது. பின்பக்கம் மடவை ஆய்ந்துகொண்டிருந்த நீங்கள் அப்படியே ஓடிவந்தீர்கள். ஒரு பார்வை. அடுத்து போனைப் பிடுங்கிக்கொண்டு வாசலுக்கு ஓடி பேரல் மேல் ஏறினீர்கள்.

முதல் தடவை அடித்து நின்றது. யாரும் எடுக்கவில்லை. இரண்டாம் தடவை எடுத்தார்கள். ஸ்பீக்கரில் மேடத்தின் குரல் கேட்டது, அமைதியாக.

"பயப்படாதீங்க. வலிப்பா இருக்கும். ஒருக்களிச்சுப் படுக்க வைங்க, வாயில எதுவும் விடாதீங்க, அதுவா நிக்கும்."

அவர்கள் சொன்னதில் தப்பில்லை. நேற்றுத்தான் அழகாக விழுங்குகிற பிள்ளையைப் பார்த்திருக்கிறார்கள். மருந்து தீரப் போகிறது என்று முந்தின வாரம் நானும் சொல்லியிருந்தேன். வலிப்பு என்றுதான் யாரும் நினைப்பார்கள். நானும் அப்படியே அவளைப் பாயில் ஒருக்களிக்கப் போனேன். இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே விட்டிருந்தால் அவ்வளவுதான்.

வாசலில் ஊர் கூடிவிட்டது. தேவி தன் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கிறாள். நீங்கள் பேரல் மேலிருந்து அந்தப் பையனைப் பார்த்தீர்கள். பிறகு, மார்க்கெட் முழுக்கக் கேட்கும் அந்தக் குரலில்.

"வலிப்பு இல்ல மேடம்! சோறு! சோறு அடச்சிகிச்சு! நேத்து நீங்க பாத்தது இவள இல்ல! அது பக்கத்து வூட்டுப் புள்ள! நாந்தான் மாத்திக் காட்டிட்டேன்! இவளால முழுங்க முடியாது மேடம்! இவளால முடியாது!"

அடுத்து வந்த மேடத்தின் குரல் வேறு மாதிரி இருந்தது, ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாக. அவர்கள் சொல்லச் சொல்ல நீங்கள் வீட்டுக்குள் பார்த்துத் திருப்பிக் கத்தினீர்கள்.

"கவுத்துப் போடு! உங்கை மேல! தல கீழ இருக்கணும், உடம்பு மேல! வாயில வெரல வுடாத! தோள்பட்ட நடுவுல, உள்ளங்கை அடியால குத்து! தடவாத, குத்துடி! இன்னோண்ணு! இன்னோண்ணு!"

வரவில்லை. "திருப்பு! மல்லாக்க! நெஞ்சுல ரெண்டு வெரல வெச்சு அமுக்கு!" திருப்பினேன். அமுக்கினேன். மறுபடியும் கவிழ்த்தேன். மறுபடியும் குத்தினேன். என் பிள்ளையை நான் அடிக்கிறேன் என்றுதான் அந்த நேரம் தோன்றியது. அப்போது என் முழங்கையில் சூடாக ஏதோ விழுந்தது. சோற்றுக் கட்டி. ஒரு இழுப்பு மூச்சு. அப்புறம் அழுகை.

எல்லாரும் நடுங்குவார்களே, வில்லாக வளைந்து அவள் அழும் அந்த அழுகை. அன்றைக்கு அதைக் கேட்டு வாசலில் நின்ற ஆண்கள்கூடக் கண்ணைத் துடைத்தார்கள். நீங்கள் பேரலிலிருந்து இறங்கவில்லை. அதன் மேலேயே குந்திவிட்டீர்கள்.

உங்கள் தம்பி ஏரியிலிருந்து வலையை அப்படியே விட்டுவிட்டு வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனார். மறுகரையில் ஆம்புலன்ஸ் நின்றது. நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் பல நாள் கிடந்தாள். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். எடை ஏறாவிட்டால் வயிற்றுக்குழாய்தான் என்று இந்த முறை உறுதியாகவே சொல்லிவிட்டார்கள்.

நான் உங்களோடு பேசவில்லை. நீங்களும் வார்டுக்குள் வரவில்லை. வெளிக்கேட்டோரம் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். மீன் இல்லாத கூடையை எதற்குச் சுமந்து வந்தீர்கள் என்று எனக்கு இன்றும் தெரியாது. கையில் எதையாவது பிடித்துக்கொள்ள வேண்டியிருந்திருக்கும். உங்கள் தம்பி வாங்கிக் கொடுத்த டீ ஆறிப்போய்ப் பக்கத்தில் இருந்ததை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். இறங்கி வரத் தோன்றியது. வரவில்லை.

மேடம் அங்கே வந்தார்கள். அப்போதுதான் ஆளை முழுசாகப் பார்த்தோம். போனில் தெரிவதைவிடக் குள்ளம், ஒரு கால் லேசாக விந்தும். கேட்டருகே அவர்களைக் கண்டதும் நீங்கள் எழுந்து நின்றீர்கள். அவர்களை அழைத்துப் போக இறங்கிய நான் பின்னால் நின்றிருந்தேன்.

"உங்க மேல கோவம் இல்லன்னு சொல்லமாட்டேன்மா," என்றார்கள். "எம்மேலயும் இருக்கு. அன்னிக்கு அந்தக் குழந்தையோட கை நல்லா விரிஞ்சிருந்துச்சு. கங்காவோட கை அப்படி விரியாது. சந்தோஷத்துல நானும் பாக்காம விட்டுட்டேன்." என் கையிலிருந்த போனைப் பார்த்தார்கள். "வர்ற வியாழக்கிழமை போன யாரு புடிப்பா?"

நீங்கள் என்னைத் திரும்பிப் பார்த்தீர்கள். நான் போனை உங்கள் கையில் கொடுத்தேன். மன்னித்துவிட்டேன் என்று அர்த்தமில்லை. உங்களை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

அதற்குப் பிறகு நீங்கள் மாறிய விதம் இருக்கிறதே. மீன் வாங்க வருகிறவர்களில் விவரம் தெரிந்தவர்கள் மேலே இருப்பதைப் பார்க்க மாட்டார்கள். கையை விட்டு ஒன்றை உருவி, செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். சிவப்பா, கறுத்துக் கெட்டதா என்று. வீடு திரும்பிய பிறகு வந்த வியாழக்கிழமை மணல் மேட்டில் போன் வந்ததும், வணக்கம்கூடச் சொல்லாமல் நீங்கள் ஆரம்பித்தீர்கள்.

"மேடம், மொதல்ல செவுள தூக்கிக் காட்டிடறேன். நேத்து ரெண்டு வாட்டி இருமுனா. ராத்திரி மூக்குக் கொழாய இஸ்து போட்டுட்டா. இவ அம்மா திரும்ப மாட்டறதுக்குள்ள ஒரே ரகள. நல்லது எதுனா இருந்தா அப்பால சொல்றேன்."

மேடம் சிரித்துவிட்டார்கள். அதிலிருந்து நம் வீட்டில் அதுதான் பேச்சு. உங்கள் தம்பி எதையாவது மழுப்பினால் நான், "செவுள தூக்குங்க" என்பேன். சொல்லிவிடுவார் பாவம்.

மேடம் சொன்னபடி ஐஸ் போடும் தெர்மாகோல் பெட்டியை அறுத்து உங்கள் தம்பி நாற்காலி செய்தார். இரண்டு பக்கமும் பழைய துண்டைச் சுருட்டி வைத்து, கழுத்து பின்னால் மடங்காமல், தாடை லேசாகக் கீழே தாழ, பிள்ளை நேராக உட்கார வேண்டும். சின்னக் கரண்டி, கீழிருந்து மேலே. ஒரு வாய் கொடுத்தால் அது தொண்டையில் இறங்கும்வரை அடுத்ததை எடுக்கக் கூடாது. மூக்குக்குழாயில் பால் போகும், வாயில் பழக்கத்துக்கு மட்டும் சொட்டுச் சொட்டாக. நீங்கள் ஒரு விரலை அவள் தாடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, மறுகையில் போனைப் பிடித்துக்கொண்டு, "எறங்கிச்சு" என்பீர்கள். நான் அடுத்த கரண்டி எடுப்பேன். நீங்கள் "எறங்கல" என்றால் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்போம், நீங்கள், நான், பட்டணத்தில் மேடம். ஊரில் மற்றப் பெண்கள் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, கதை பேசிக்கொண்டே சோற்றை உருட்டி வாயில் திணிப்பதைப் பார்த்தால் பொறாமையாக இருக்கும்.

எடை பார்க்கிற நாளைச் சொல்லாமல் விட முடியாது. அதை வைத்துத்தான் வயிற்றுக்குழாயா இல்லையா என்று முடிவு. தீவில் பிள்ளைத் தராசுக்கு எங்கே போவது? உங்கள் மீன் தராசுதான். அதைத் தேய்த்துக் கழுவி, மணல் மேட்டில் பலகை போட்டு வைத்து, மேலே அலுமினியச் சட்டி, சட்டிக்குள் கங்கா. போனை அன்றைக்கு நான் பிடித்தேன். தராசில் நீங்கள் கட்டைவிரலை வைப்பீர்கள் என்று பொன்னேரியில் பாதிப் பேர் சொல்வார்கள், நீங்கள் ஒருநாளும் ஒத்துக்கொண்டதில்லை. அன்று கொஞ்சமாக, ஒரு நகம் அளவு அழுத்தியிருந்தால் போதும், வயிற்றுக்குழாய் பேச்சு தள்ளிப்போயிருக்கும். எனக்கே தோன்றியது. அழுத்துங்கள் அண்ணி என்று மனசுக்குள் சொன்னேன்.

நீங்கள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, விரல்களை விரித்துக் காட்டினீர்கள். "பாருங்க மேடம், நா தொடல."

எடை இறங்கியிருந்தது. கொஞ்சம்தான், ஆனால் இறங்கியிருந்தது. கையைக் கீழே இறக்காமல் அந்த எண்ணை நீங்களே படித்துச் சொன்னீர்கள். குரல் உடைந்தது. மேடம் ஒன்றும் திட்டவில்லை. சரியான எடை தெரிந்ததால் உணவை மாற்றிக் கொடுத்தார்கள், எண்ணெயும் பயறும் சேர்த்து, வேளையைப் பிரித்து. அடுத்த மாதம் அதே தராசு, அதே மாதிரி தூக்கிய கை, எடை நின்ற இடத்தில் நின்றது. அதற்கு அடுத்த மாதம் ஏறியது. "ஏறிச்சு" என்று நீங்கள் போட்ட சத்தத்தில் கோயில் புறாக்கள் எழும்பிவிட்டன. மூக்குக்குழாயை எடுத்த அன்று நீங்கள் ஊருக்கே கற்கண்டு கொடுத்தீர்கள், தேவி வீட்டுக்கு இரண்டு பங்கு.

கங்காவுக்கு இப்போது நாலு வயசு. நடக்கவில்லை. நடப்பாள் என்று யாரும் எங்களுக்குச் சொல்லவுமில்லை. ஆனால் வாயால் சாப்பிடுகிறாள். கிழங்கான் மீனை வேகவைத்து, முள் எடுத்து, சோற்றோடு குழைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சுவைக்கிறாள். சிந்தும், இருமும், நேரமாகும். ஆனாலும் சாப்பிடுகிறாள். வயிற்றை யாரும் கீறவில்லை அண்ணி. குழாய் வைக்க வேண்டி வந்திருந்தால் வைத்திருப்போம், அதுவும் சோறுதான் என்று மேடம் சொல்லிச் சொல்லி நமக்குப் புரிந்துதான் போயிருந்தது. வேண்டி வரவில்லை, அவ்வளவுதான்.

நீங்கள் மார்க்கெட்டில் கூடைமேல் சாய்ந்தபடியே போய்விட்டீர்கள். தூங்குகிறீர்கள் என்று நினைத்து ஒருத்தர் பேரம்கூடப் பேசியிருக்கிறார். உங்களை உங்கள் தம்பியின் படகில்தான் கொண்டுவந்தோம்.

வாய்க்கரிசி போடும்போது நான் கங்காவைத் தூக்கிக்கொண்டு வந்தேன். "அந்தப் புள்ளய எதுக்கு இட்டாற?" என்று யாரோ சொன்னார்கள். நான் காதில் வாங்கவில்லை. அவள் கை எப்போதும்போல இறுக மூடியிருந்தது. மேடம் சொல்லித் தந்தபடி மணிக்கட்டை மெல்ல உள்ளே மடக்கி, கட்டைவிரல் அடியிலிருந்து திறந்து, நாலு அரிசியை வைத்தேன். மூடிக்கொண்டாள். உங்கள் உதட்டுக்கு மேலே கொண்டுவந்து மறுபடி திறக்க வேண்டும். திறக்கவில்லை. பின்னால் எல்லாரும் காத்திருந்தார்கள். அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும் என்று எனக்குத் தெரியும். காத்திருந்தேன். தானாகவே திறந்தாள். இரண்டு அரிசி உதட்டில் விழுந்தது, மற்றது உங்கள் காதுக்குள் போய்விட்டது. அதற்கு நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று நினைத்ததும் அந்த இடத்திலும் எனக்குச் சிரிப்பு வந்து, அப்புறம்தான் அழுதேன்.

போன் வரும் நேரமாகிவிட்டது, கங்காவையும் அவள் சோற்றையும் தூக்கிக்கொண்டு மணல் மேட்டுக்குப் போகிறேன். பேசிவிட்டு வருகிறேன்.

பேசிவிட்டேன். எழுத உட்காரவே இவ்வளவு நேரமாகிவிட்டது.

சின்னப் பெண், அண்ணி. இருபதுகூட இருக்காது. பிள்ளையைச் சால்வையில் கழுத்துவரை சுற்றி வைத்திருந்தாள், முகம் மட்டும் தெரிந்தது. கன்னத்தில் மை. தலை வாரிப் பவுடர் போட்டிருந்தது. பின்னால் யாருடைய கையோ சால்வையை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டே இருந்தது. "நல்லா குடிக்கறான்கா. ஒரு பேஜாரும் இல்லக்கா" என்றாள். கண் என்னைப் பார்க்கவில்லை, தன் படம் திரையில் எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தது. பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. கூடை மேலே நல்ல மீன்.

சால்வையை எடு என்று நான் கேட்டிருந்தால் எடுத்திருக்க மாட்டாள். போனை வைத்துவிடுவாள். இந்தப் பிள்ளைக்கும் உதடு கறுக்கும் நாள் ஒன்று வரும், அந்த வீட்டில் பேரல் மேல் ஏறிக் கத்த ஒரு ஆள் இருக்க வேண்டுமே என்று பயமாக இருந்தது.

போனைத் திருப்பிவிட்டேன். கங்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். முகத்தைத் துடைக்கவில்லை, சட்டை மாற்றவில்லை. எச்சிலும் சோறும் தாடையில் வழிய, ஒரு கை முறுக்கிக்கொண்டு, கால் விறைத்து. ஒரு வாய் ஊட்டினேன். இருமினாள், கண்ணில் தண்ணீர் வர இருமினாள். காட்டினேன். இறங்கும்வரை காத்திருந்ததையும் காட்டினேன். "இவ எம்பொண்ணும்மா. நாலு வயசாவுது. சோறு அடச்சி ஒருவாட்டி எங்கைல செத்துப் பொழச்சா. எங்க வூட்ல நல்லா முழுங்கறாள்னு மேடத்துகிட்ட சொல்லிட்டாங்க, அதனால" என்றேன்.

அந்தப் பெண் வெகுநேரம் கங்காவையே பார்த்துக்கொண்டிருந்தாள். பின்னாலிருந்த கை மறுபடி சால்வைக்கு வந்தது. அவள் அதைத் தட்டிவிட்டாள். பிறகு தானே சால்வையைப் பிரித்தாள். கை குச்சி. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிந்தது.

"பால் மூக்கு வழியா வருதுக்கா," என்றாள். "குடிச்சா நீலமா ஆயிடறான். வயித்த அறுத்துருவாங்கன்னு யார்கிட்டயும் சொல்லல."

மேடத்தை உடனே அந்த அழைப்பில் சேர்த்தேன். இப்போது அந்த வீட்டார் பிள்ளையோடு ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பிள்ளையை எப்படிச் சாய்த்துப் பிடிப்பது என்று மேடம் வழி முழுக்கப் போனில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். பிழைத்துக்கொள்வான் என்றுதான் நினைக்கிறேன். தெரியாது.

போனை வைத்த பிறகுதான் பார்த்தேன். புது உறை முழுக்கச் சோறும் கிழங்கானும். ஊட்டிக்கொண்டிருந்த கையோடு அப்படியே எடுத்திருக்கிறேன், கை கழுவாமல். துடைக்கத் துணியை எடுத்தேன். துடைக்கவில்லை, அண்ணி.